கப்பல் ஏறப் போகிறவர்களை ஏற்றிச் செல்வோருக்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வேன், டாக்ஸி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் டூர் ஏற்பாட்டாளர்களுக்கும் திறந்த மடல்

சென்னையின் சுற்றுலாக் கப்பல் முனையம் ராஜாஜி சாலையை ஒட்டிய துறைமுக மதிலுக்கு உள்ளே இருக்கிறது. 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த இந்த முனையத்தை 2023 ஜூன் 5 அன்று ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் திறந்து வைத்தார். அதே நாளில் ‘எம்ப்ரஸ்’ என்ற கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்றும் அதன் பாதையில் இருந்த துறைகள். அதற்கு ஓராண்டு முன்பு, 2022 ஜூன் 4 அன்று, இதே கப்பலின் சென்னைப் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்திருந்தார். கார்டீலியா நிறுவனம் ஓட்டும் இந்தக் கப்பல் 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டது. நீளம் 211 மீட்டர். ஒரு நடைக்குச் சுமார் 1,800 பயணிகளை ஏற்றும்.

கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டவர் வண்டி பேச வரும்போது வழக்கமாகக் கேட்பவை இரண்டு: வண்டியை அங்கே எங்கே விடுவது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். முதல் கேள்விக்குச் சரியான விடை, வண்டியை அங்கே விடவே வேண்டாம் என்பது. இரண்டாவதற்கு விடை, கப்பல் புறப்படும் நேரத்தை ஒதுக்கிவிட்டு கவுண்டர் மூடும் நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பது. மற்றதெல்லாம் இந்த இரண்டின் விவரம்தான்.

துறைமுகம் பஸ் ஸ்டாண்டைப் போலப் பொது இடம் அல்ல. உலகெங்கும் பன்னாட்டுக் கப்பல் வந்து போகும் துறைமுகங்கள் 2004 ஜூலை 1 முதல் ஒரே பாதுகாப்பு விதித்தொகுப்பின் கீழ் இயங்குகின்றன. அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, 2002 டிசம்பரில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு அதைக் கொண்டுவந்தது. கப்பல் நிற்கும் தளத்துக்குள் யார் நுழைகிறார், எந்த வண்டி நுழைகிறது, எதற்காக நுழைகிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சென்னைத் துறைமுகத்தின் கேட்டுகளில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை நிற்கிறது. கண்டெய்னர் லாரி ஓட்டுநருக்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில், திண்டிவனத்திலிருந்து வந்த வேனை நான்கு நாள் நிறுத்திவிட்டுப் போகலாம் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. பயணி எந்த கேட்டில் இறங்க வேண்டும், அங்கிருந்து முனையம் வரை தன் வண்டியிலேயே போகலாமா, நிறுவனம் விடும் பஸ்ஸில் மாற வேண்டுமா என்பதெல்லாம் நடைக்கு நடை மாறக்கூடியவை. டிக்கெட்டோடு வரும் கடைசித் தகவலில் கேட் எண் எழுதியிருக்கும். போன தடவை எந்த கேட் என்ற நினைப்பை நம்பி ஓட்டக் கூடாது. துறைமுகத்தின் கேட்டுகள் போர் நினைவுச் சின்னத்துப் பக்கத்திலிருந்து ராயபுரம் வரை பரவிக் கிடக்கின்றன. தவறான கேட்டில் நின்றுவிட்டால், அடுத்ததற்குப் போவதற்குள் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொள்ள நேரும்.

வெளியே ராஜாஜி சாலையில் நிறுத்தலாமா? அது இன்னும் மோசம். ஒரு பக்கம் ரிசர்வ் வங்கி, தலைமை அஞ்சலகம், ஆட்சியர் அலுவலகம், கடற்கரை ரயில் நிலையம். மறுபக்கம் துறைமுக மதில், சுங்க இல்லம். நடுவே பர்மா பஜார் நெரிசல். ஆளை இறக்க ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஓட்டுநர் டீ குடிக்கப் போன நேரத்தில் போக்குவரத்துப் போலீஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டால், அந்த அபராதம் யார் கணக்கில் என்ற பஞ்சாயத்து ஊர் வந்து சேரும்வரை தீராது.

இது சென்னைக்கு மட்டுமான குறை அல்ல. 2025 செப்டம்பரில் பிரதமர் திறந்து வைத்த மும்பை பன்னாட்டுக் கப்பல் முனையம் ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகள் என்ற கணக்கில் கட்டப்பட்டது. 72 செக்-இன், குடியேற்றக் கவுண்டர்கள் அங்கே உண்டு. ஒரே நேரத்தில் ஐந்து கப்பல் கட்டலாம். வண்டி நிறுத்த இடமோ முந்நூற்றுச் சொச்சம்தான். ஒரே ஒரு கப்பல் நிறைந்தாலும் அதன் பயணிகளில் சிறு பங்குக்கே அந்த இடம் போதும். அமெரிக்காவில் நிலைமை வேறு. டெக்சாஸின் கால்வெஸ்டன் போன்ற ஊர்களில் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் தானே ஓட்டிக்கொண்டு வந்து, காரை வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவதே வழக்கம். அங்கே முனையத்தைக் கட்டும்போதே கார் நிறுத்தத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அதன் வாடகை துறைமுகத்துக்கு ஒரு நல்ல வருமானம். யூடியூபில் அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வரும் பயணிகளுக்கு வண்டிக்காரர்தான் முதலில் உள்ளூர் நிலையை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே பேச வேண்டியது இரண்டு டிராப் வாடகை. போகும் நாள் ஒரு நடை, திரும்பும் நாள் ஒரு நடை. வண்டி நடுவில் ஊருக்கு வந்துவிட வேண்டும். ரிட்டர்ன் காலியாக வருகிறதே என்று பல உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தயக்கம் நிற்காது. திண்டிவனத்திலிருந்து துறைமுகம் சுமார் 125 கிலோமீட்டர். மூன்று இரவுப் பயணத்துக்கு வண்டி சென்னையிலேயே காத்திருந்தால் ஓட்டம் 250 கிலோமீட்டர். இரண்டு நடையாக ஓட்டினால் 500. கூடுதல் 250 கிலோமீட்டருக்கு டெம்போ டிராவலர் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தாலும் 25 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 2,300 ரூபாய். இதனோடு ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகள். விழுப்புரத்து வண்டியானால் விக்கிரவாண்டியும் சேரும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குக் கட்டணம்தான், ஃபாஸ்டேக்கே அதைக் கழித்துக்கொள்ளும். மறுதட்டில் மூன்று இரவு ஓட்டுநர் பேட்டா, தங்க இடம், பார்க்கிங், எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று நாள் வண்டி ஓடாமல் நிற்கும் நட்டம். முகூர்த்த நாளில் வெயிட்டிங் போட்டுவிட்டு நிற்பதைவிடக் காலியாக வந்து ஊரில் ஒரு கல்யாண வாடகை பிடிப்பதே லாபம். பயணிக்கும் இது மலிவாகவே முடியும்.

சொந்தக் காரை எடுத்து வந்தே தீருவேன் என்கிற பயணியைத் துறைமுகம் வரை வர விடாமல், வழியிலேயே காரை விடச் சொல்வது நல்லது. சென்னை விமான நிலையத்தின் பல அடுக்குக் கார் நிறுத்தம் 2022 டிசம்பரில் திறந்தது. இரண்டாயிரம் கார்களுக்கு மேல் கொள்ளும். ஜி.எஸ்.டி. சாலையை விட்டு விலக வேண்டியதில்லை. அங்கேயே மெட்ரோ ஏறினால் உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலைக்கு ஆட்டோ பிடிக்கலாம். பல நாள் வாடகை சேர்ந்து கனமாகும் என்பதால் இது பணத்துக்குப் பார்க்காதவர்களுக்கான வழி.

பணத்துக்குப் பார்க்கிறவர்களுக்கு ரயில் இருக்கிறது. இந்த மடல் வண்டிக்காரர்களுக்கு எழுதப்படுவதால் ரயிலை மறைத்துவிட முடியாது. கைப்பெட்டியோடு போகும் இரண்டு பேருக்கு விழுப்புரத்திலிருந்து வேன் பேசுவது வீண் செலவு. ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஸ்கூட்டரைப் போட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு, ரயிலேறித் தாம்பரத்தில் மாறினால் புறநகர் மின்ரயில் கடற்கரை நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். தாம்பரம்–கடற்கரை மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. கடற்கரை நிலையத்து வாசலுக்கு எதிரே சாலையைக் கடந்தால் துறைமுக மதில். பஸ்ஸுக்கு அந்தச் சௌகரியம் இப்போது இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தெற்கிலிருந்து வரும் அரசு பஸ்கள் கோயம்பேடு வரை போவதில்லை. கிளாம்பாக்கத்தில் பெட்டி படுக்கையோடு இறங்கி மாநகர பஸ் ஏறி, மறுபடி மாறி ராஜாஜி சாலை போய்ச் சேருவது, மூட்டு வலிக்காரர் ஒருவர் கூட இருந்தாலும், கப்பல் ஏறுமுன்பே அலுத்துப்போகும் காரியம். வேன் வாடகை நியாயமாகப் படுவது எட்டுப் பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கும், நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் உள்ள குழுவுக்கும்தான்.

ரயிலில் போய்க் கப்பல் ஏறுவது விழுப்புரத்துக்குப் புதிதும் அல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் கிளம்பி இந்த ஜங்ஷன் வழியாகத் தனுஷ்கோடி வரை ஓடிய போட் மெயில், பயணிகளைப் படகுத்துறையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. ரயிலை விட்டு இறங்கியவர் நீராவிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். அங்கே மறுபடி ரயில், கொழும்பு வரை. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட் இந்த மூன்றுக்கும் செல்லும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் தண்டவாளத்தையும் கொண்டுபோனதோடு அந்த ஏற்பாடு முடிந்தது. வண்டியும் கப்பலும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி அமைக்க முடியும் என்பதை நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டிய பாதை அது. இன்று கட்டப்படும் முனையங்களில் இந்த அக்கறை கொஞ்சம் குறைவாகவே தெரிகிறது.

இனி நேரம். திண்டிவனத்திலிருந்து துறைமுகம் மூன்று மணி நேரம் என்று கணக்கு வைப்பது சரி. அதில் தாம்பரம் வரை ஒன்றரை மணியில் வந்துவிடலாம். மிச்சமுள்ள முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான் மிச்ச நேரத்தைத் தின்னும். சைதாப்பேட்டை–தேனாம்பேட்டை மேம்பாலப் பணி முடியும்வரை அண்ணா சாலை இறுகித்தான் இருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி மற்ற சாலைகளை இறுக்குகிறது. கிண்டி தாண்டியதும் கடற்கரைச் சாலைக்கு ஒதுங்கி, காமராஜர் சாலை வழியாகப் போர் நினைவுச் சின்னத்தைத் தொட்டு ராஜாஜி சாலைக்குள் நுழைவது பெரும்பாலும் சரியாக வரும். திண்டிவனத்துக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: மரக்காணம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் பெருங்களத்தூர், தாம்பரம் நெரிசல் முழுவதும் கழிந்துவிடும். வார நாளில் இது நல்ல வழி. சனி, ஞாயிறு மாமல்லபுரத்துக் கூட்டத்தில் இதன் பலன் போய்விடும். வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறினால் துறைமுகம் வந்துவிடும் என்று மேப் காட்டினாலும் நம்ப வேண்டாம். அது மீஞ்சூர் கொண்டுபோய் விடும்; எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கான சாலை அது. துறைமுகத்துக்கென்றே திட்டமிட்ட மதுரவாயல் பறக்கும் சாலை 2010-இல் தொடங்கி, 2012-இல் நின்று, ஈரடுக்குச் சாலையாக மாற்றப்பட்டு 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் கண்டது. அது முடிந்தால் லாரிகள் மேலே போகும், கீழே கொஞ்சம் மூச்சு விடலாம்.

கப்பல் சென்னைக்கு வரும் பருவமும் ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். மும்பை, கோவா பக்கம் உல்லாசக் கப்பல் ஓட்ட முடியாது. அந்த மாதங்களில் வங்கக் கடலின் இந்தப் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும் என்பதால் கப்பல் கிழக்கே வருகிறது. ஆகவே சென்னை நடைகள் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஆடி மாதமும் இதற்குள் வந்துவிடுகிறது. ஆடிப்பூரத்தில் மேல்மருவத்தூர் சாலை நகராது. ஆடி அமாவாசை இரவில் மேல்மலையனூர் கூட்டம் செஞ்சி, திண்டிவனம் சாலைகளை அடைத்துக்கொள்ளும். சுதந்திர தினத்தை ஒட்டிய தொடர் விடுமுறைக்குக் கப்பலில் நல்ல கூட்டம் இருக்கும். அந்த நாளில் கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றுவதால் ராஜாஜி சாலையில் போக்குவரத்தைத் திருப்பி விடுவார்கள், முன்னதாக நடக்கும் ஒத்திகை நாள்களிலும் திருப்பி விடுவார்கள். கோட்டை வாசலைக் கடந்துதான் தெற்கிலிருந்து துறைமுகம் போக வேண்டும் என்பதால், அந்த வாரத்துக்கு வண்டி பேசும்போதே காவல்துறை அறிவிப்பைப் பார்த்து வைத்துக்கொள்வது ஓட்டுநரின் வேலை.

கப்பல் மாலையில் கிளம்புகிறது என்றால் பயணி மாலையில் போனால் போதாது. கடல் பயண விதிப்படி, கப்பலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் புறப்படுமுன் எண்ணப்பட்டு, பெயர்ப் பட்டியல் கரையில் ஒப்படைக்கப்பட வேண்டும். பட்டியல் மூடிய பிறகு வந்தவரை ஏற்றினால் அந்த எண்ணிக்கை தவறிவிடும். அதனால் கவுண்டர், கப்பல் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே மூடப்படும். பஸ் கண்டக்டரிடம் சொல்வதைப் போல இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. ஒவ்வொரு பயணிக்கும் ஒரு செக்-இன் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு மணி முன்னால் கேட்டில் இறக்கிவிடும்படி திட்டமிட்டால் வழியில் ஒரு டயர் பஞ்சரானாலும் சமாளிக்கலாம். அதற்காக ஆறு மணி நேரம் முன்னால் கொண்டுபோய் இறக்குவதும் பிழை. சாலையோரத்தில் உட்கார நிழல் இருக்காது. ஆகஸ்ட் வெயிலில் பெரியவர்கள் வாடிப்போவார்கள்.

வண்டியில் ஏறுமுன், ஊரிலேயே பார்க்க வேண்டியது அடையாள அட்டை. உள்நாட்டு நடைக்கு ஆதாரோ வாக்காளர் அட்டையோ போதும். இலங்கை நடைக்கு ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும், நிறுவனம் கேட்கும் இலங்கை அனுமதியும் வேண்டும். நம் பக்கத்துப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆதாரில் இன்ஷியலோடு இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரிந்து நிற்கும். டிக்கெட்டில் இரண்டுமில்லாமல் வீட்டில் கூப்பிடும் பெயர் ஏறியிருக்கும். டூர் ஏற்பாட்டாளர் போனில் கேட்டுத் தட்டியதால் வரும் வினை இது. அட்டையின் போட்டோவை வாட்ஸ்ஆப்பில் வாங்கி, அதில் இருக்கிற எழுத்தை அப்படியே ஏற்றுவதுதான் ஒரே வழி. கவுண்டரில் நிற்கும்போது திருத்துவது கடினம். கர்ப்பிணிகள் விஷயத்திலும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் 24 வாரத்தைத் தாண்டியவர்களை ஏற்றுவதில்லை, ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையையும் ஏற்றுவதில்லை.

பெட்டிகளில் என்ன இருக்கிறது என்பதில் ஓட்டுநருக்கு என்ன அக்கறை என்று தோன்றலாம். எக்ஸ்ரேயில் சிக்கிய பொருளை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பயணி ஓடி வருவது ஓட்டுநரிடம்தான். அதற்குள் வண்டி போயிருந்தால் பொருள் போனதுதான். அயர்ன் பாக்ஸ், மின் கெட்டில், கத்தி, தீப்பெட்டி, மது எதுவும் உள்ளே போகாது. வீட்டுப் பெரியவர்கள் பூஜைக்கென்று எடுத்து வைக்கும் கற்பூரமும் ஊதுபத்தியும் இதில் சேரும், ஏனென்றால் கடலில் இருக்கும் கப்பலுக்கு நெருப்பைவிடப் பெரிய பயம் இல்லை. சமைத்த உணவும் கூடாது. வழிக்குக் கட்டிய புளியோதரையை மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் தீர்த்துவிடச் சொல்லலாம்.

ஏறும் முறை இப்படி நடக்கும். கேட்டில் டிக்கெட்டையும் அட்டையையும் காட்டி உள்ளே போனதும் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் பெயரும் கேபின் எண்ணும் எழுதிய சீட்டுச் சுற்றியிருக்க வேண்டும். அதை வீட்டிலேயே பிரிண்ட் எடுத்து, மேலே செல்லோடேப் ஒட்டிவிட்டால் மழைக்கும் இழுப்புக்கும் தாங்கும். அந்தப் பெட்டி தனியாக எக்ஸ்ரே போய், கப்பலுக்குள் ஏற்றப்பட்டு, சில மணி நேரம் கழித்துக் கேபின் வாசலில் வந்து நிற்கும். ஆகவே மாத்திரை, பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி, குழந்தையின் மாற்றுத் துணி நான்கும் கைப்பையில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்காரரின் இன்சுலின் பெரிய பெட்டிக்குள் போய்விட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கைப்பையோடு பயணி உடல் சோதனையைக் கடந்து கவுண்டருக்குப் போவார். அங்கே போட்டோ எடுத்து ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுப்பார்கள். கேபின் சாவியும் அதுதான், செலவுக் கணக்கும் அதுதான், இறங்கி ஏறும்போது ஆள் கணக்கும் அதுதான். வெளிநாட்டு நடையானால் குடியேற்றப் பிரிவின் முத்திரையும் சுங்கமும் அடுத்து வரும். எல்லாம் முடிந்தபின் தளத்திலிருந்து கப்பலுக்குப் போடப்பட்ட ஏறுபாலம். சென்னையில் அலை ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான் என்பதால் அதன் சரிவு பெரிதாக மாறாது. இருந்தாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே எழுதி வைத்தால்தான் அன்று கிடைக்கும். துறைமுக எல்லைக்குள் கண்ட இடத்தில் போட்டோ எடுப்பது கூடாது. செல்ஃபி ஆசையைக் கப்பல் மேல்தளம் வரை அடக்கி வைக்க வேண்டும்.

ஏறியதும் முதல் வேலை சாப்பாடு அல்ல, ஆபத்துப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். கடைசித் துறையில் ஏறியவர்களுக்கு அப்போது பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது. அதன் பிறகு விதி மாறி, 2015 முதல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிய வேண்டும் என்றானது. கவுண்டர் சீக்கிரம் மூடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பும் நாளில்தான் வண்டிக்காரருக்கும் பயணிக்கும் அதிகம் மனஸ்தாபம் வருகிறது. கப்பல் காலை ஏழு மணிக்குத் துறையில் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தால், ஏழு மணிக்கே கேட்டில் ஆள் வந்துவிடமாட்டார். துறைமுக எல்லையில் கப்பல் நின்று, துறைமுகத்தின் பைலட் ஏறி, இழுவைப் படகு பிடித்து, தளத்தில் கட்டி, ஏறுபாலம் போட்ட பிறகே இறங்குதல் தொடங்கும். அதுவும் தளம் தளமாக, கூப்பிடும் வரிசைப்படிதான். முந்தின இரவே கேபின் வாசலில் வைத்த பெட்டிகள் கரையில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தேடி எடுத்து, வெளிநாட்டு நடையானால் முத்திரையும் சுங்கமும் முடித்து வர இரண்டு மணி நேரம் ஆகலாம். நடுக்கடலில் செல்போன் எடுக்காது. கரை நெருங்கிய பிறகே அழைப்பு வரும். ஆகவே எங்கே நிற்பது என்பதைப் போகும் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். வண்டி ராஜாஜி சாலைக்கு வராமல் தீவுத்திடல் பக்கமோ மெரினாவின் கட்டண நிறுத்தத்திலோ காத்திருந்து, பெட்டி கைக்கு வந்துவிட்டது என்று போன் வந்த பிறகு கிளம்பினால் இருவருக்கும் நிம்மதி. ஊரிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பும் ஓட்டுநர் முந்தின இரவு வேறு நடை ஓட்டியிருக்கக் கூடாது என்பதையும் உரிமையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பும் வழியில் செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நேர்ச்சாலையில் கண் அயர்ந்து நடக்கும் விபத்துகள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

வேறு கப்பல்களுக்கும் ஆள் ஏற்றிச் செல்வது உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்தே போர்ட் பிளேருக்கு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊருக்கு, நான்கோரி போன்ற அரசுப் பயணிகள் கப்பல்கள் போகின்றன. அந்த நடை சுமார் மூன்று நாள். வேலைக்குப் போகிறவர்களும், குடும்பத்தோடு மூட்டை முடிச்சோடு போகிறவர்களும் அதில் அதிகம். டிக்கெட்டில் உள்ள கேட்டும் நேரமும் உல்லாசக் கப்பலுக்கு உரியவை அல்ல என்பதை மட்டும் கவனித்தால் போதும், மற்ற முறைகள் ஏறத்தாழ ஒன்றுதான். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகு 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, சில நாளில் வடகிழக்குப் பருவமழையால் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற படகோடு மறுபடி ஓடியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். விழுப்புரத்திலிருந்து நாகை போவது சென்னை போவதைவிடச் சுலபமானது, நெரிசல் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

புதுச்சேரி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நாற்பது கிலோமீட்டர்தான். எம்ப்ரஸ் கப்பலுக்கு 2022-இல் புதுச்சேரி அரசு அனுமதி மறுத்தது. சூதாட்டம் பற்றிய எதிர்ப்பு அதற்குக் காரணம். 2025 ஜூலை 4 அன்றுதான் கப்பல் அங்கே வந்தது. கரைக்கு அருகே வரும் ஆழம் இல்லாததால் கடலில் நங்கூரமிட்டு நின்றது. பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்து ஊர் சுற்றிவிட்டுத் திரும்பினர். பக்கத்திலேயே கப்பல் வருகிறதே, அங்கேயே ஏறிவிடலாமே என்று கேட்கும் பயணியிடம், அது ஊர் பார்க்க இறங்கும் இடம், ஏறும் துறை டிக்கெட்டில் எழுதியிருப்பதுதான் என்று சொல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துக்கே மரக்காணத்தில் சொந்தக் கடற்கரை இருக்கிறது. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய கடல்வழிக் குறிப்பில் வரும் சோபட்மா துறைமுகம் அதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது அங்கே உப்பளமும் மீன்பிடி படகும்தான். கப்பல் ஏறச் சென்னைதான் போக வேண்டும்.

வாடகை பேசும்போது ரசீதில் நான்கு விவரம் எழுதி இரு தரப்பும் வைத்துக்கொண்டால் பெரும்பாலான தகராறு வராது: கேட் எண், செக்-இன் நேரம், திரும்பும் நாளில் காத்திருக்கும் இடம், கப்பல் தாமதமானால் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு வெயிட்டிங் கூலி. கடைசி விவரத்தை எழுதாமல் விடுவதால்தான் சண்டை வருகிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் துறைமுகத்துக்குள் நிற்கும் கப்பல்களையே ஆழ்கடலுக்குப் போகச் சொல்வார்கள். வர வேண்டிய கப்பல் வெளியிலேயே நிற்கும். அந்த ஒரு நாள் தாமதம் ஓட்டுநர் குற்றமும் அல்ல, பயணி குற்றமும் அல்ல. அன்றைய பேட்டாவைப் பயணி பாதி, உரிமையாளர் பாதி ஏற்பது என்று முன்பே எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் கட்டுப்படியாகும்.

இங்ஙனம்,
பயண ஏற்பாட்டாளர் ஒருவர்,
திண்டிவனம்.